பெயர் மாற்றியாச்சு, இனி எந்த ஆவணம் முதலில்?

கே: எண்கணிதப்படி பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டினேன். தமிழ்நாடு அரசு கெஜட்டிலும் வந்துவிட்டது. எதை முதலில் மாற்றணும் அண்ணா?

ப: ஆதாரை, தம்பி. பான், வங்கி, பிஎஃப் எல்லாமே ஆதாரில் உள்ள பெயரோடுதான் ஒத்துப் பார்க்கின்றன. அதைப் பழைய பெயரில் விட்டுவிட்டு மற்றதை மாற்றினால் எங்காவது ஓரிடத்தில் கேஒய்சி நின்றுவிடும். அதே சமயம் அவசரமும் வேண்டாம். ஆதாரில் வாழ்நாளில் 2 முறைதான் பெயரை மாற்றலாம். அதற்கு மேல் என்றால் தனி அனுமதி வாங்க அலையணும். ஆகவே மையத்தில் பதிவு செய்பவர் பொத்தானை அழுத்தும் முன், கெஜட் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரையில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டையும்.

கே: இன்ஷியலை விரித்து எழுதணுமா?

ப: நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பான் அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வெறும் இன்ஷியல் செல்லாது. அப்பா பெயரை முழுசாகக் கேட்பார்கள். இன்னும் கெஜட்டுக்கு விண்ணப்பிக்காதவர்கள் அதிலேயே விரித்து எழுதிவிடுங்கள்.

கே: கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்க்கணும். எனக்கும் கெஜட் வேணுமா?

ப: ஆதாருக்கும் பானுக்கும் திருமணப் பதிவுச் சான்றிதழே போதும்மா. இன்னொன்று: கல்யாணம் ஆனால் பெயரை மாற்றியே ஆகணும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

கே: பத்தாவது மார்க் ஷீட், நிலப் பத்திரம் எல்லாம் பழைய பெயரில் இருக்கிறதே?

ப: இருக்கட்டும். அந்தப் பெயரும் இந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்டத்தான் கெஜட். கேட்கும் இடத்தில் அதன் நகலைச் சேர்த்துக் கொடுங்கள். நிலத்தை விற்கும் காலத்தில் புதுப் பத்திரத்தில் இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். கெஜட்டின் மூலப் பிரதியை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கே: அடுத்த மாதம் வேலை மாறுகிறேன். பிஎஃப்பில் பழைய பெயர்தான்.

ப: கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். பலருக்கு இந்தத் திருத்தத்துக்கு நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படும். வெளியே வந்த பிறகு பழைய ஹெச்ஆரைப் பிடிப்பது பெரும்பாடு.

கே: வாக்காளர் அட்டைக்கு?

ப: படிவம் 8. ஆன்லைனிலேயே போடலாம்.

கே: மனைவியின் பெயர்தான் மாறியிருக்கிறது. என் பக்கம் ஏதாவது வேலை இருக்கிறதா?

ப: இருக்கிறது. உங்கள் பாலிசி, வங்கிக் கணக்கு, பிஎஃப் மூன்றிலும் நாமினியாக உள்ள அவர் பெயரை மாற்றுங்கள். இதைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள்.