வலிப்பு நோயாளிக்குத் திடீர் மரணம் வருமா என்பதை எம்ஆர்ஐ ஸ்கேன் முன்கூட்டியே சொல்லுமா?

இன்றைக்குச் சொல்லாது. ஆனால் தடயம் கிடைத்திருக்கிறது. வலிப்பால் திடீரென இறந்த 12 பேருக்கு உயிரோடு இருந்தபோது எடுத்த ஸ்கேன்களை லண்டன் ஆய்வாளர்கள் மறுபடி அலசி 2015இல் வெளியிட்டார்கள். ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால், மூளையின் வலப்பக்கத்தில் நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸ், பயம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா பகுதியில் சாம்பல் திசு (நரம்பு செல்கள் நிறைந்த திசு) கூடியிருந்தது. புலன் செய்திகளைக் கடத்தும் தாலமஸின் பின்பகுதியில் குறைந்திருந்தது. அமிக்டலாவை மின்சாரத்தால் தூண்டினால் மூச்சு நின்றுபோகும், அது நோயாளிக்கே தெரியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு முதுகு சில்லிட்டது.

சரி, 12 பேர் சின்ன எண்ணிக்கை. குழுக்களின் சராசரியில் தெரியும் வித்தியாசத்தை வைத்து ஒருவருடைய ஸ்கேனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும் வலிப்பு எத்தனை முறை வருகிறது, இரவில் தனியாகத் தூங்குகிறாரா என்ற விவரம்தான் டாக்டருக்கு இப்போதைக்கு அதிகம் உதவும்.