வரப்பு மா

அன்புள்ள ஐயா,

குப்பம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது, வீட்டில் தமிழ். வேளாண் படிப்புக்காக இரண்டு, மூன்று ஏக்கர்காரர்களிடம் கேள்வித்தாளோடு போய் வருகிறேன். கேழ்வரகுக்கும் கடலைக்கும் நடுவே மா வைத்தால் நல்லதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாரும் வைப்பதில்லை. மானியம் போதவில்லையா? விழிப்புணர்வு இல்லையா?

க.

அன்புள்ள க.,

இந்த வெயிலில் காடு காடாக நடக்கிறீர்களே, தண்ணீர் கொண்டு போகிறீர்களா?

அந்த 'விழிப்புணர்வு' என்ற சொல்லை முதலில் கிணற்றில் போடுங்கள். பத்து மீட்டருக்கு ஒன்றாக ஏக்கருக்கு 40 கன்று, நிழல் கட்டும்வரை ஊடே கடலை, கொள்ளு. இது அவர்களுக்குத் தெரியாதா? மானியத்தையும் விடுங்கள். விலை பயம் நியாயமானது. 2025இல் சித்தூரில் பெங்களூரா ரக மாங்காய்க்கு விலை விழுந்து, பழக்கூழ் ஆலை 8, அரசு 4 என்று விவசாயிக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. அதுவும் இருக்கட்டும்.

பட்டா யார் பேரில் என்று கேட்டீர்களா? வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுகிறவன் மரம் வைத்தால், உரிமை கொண்டாடப் பார்க்கிறான் என்று நிலத்துக்காரர் அடுத்த வருஷமே நிலத்தைத் திருப்பிக் கேட்பார். கேழ்வரகு நாலு மாதத்தில் வீட்டுக்கு வந்துவிடும். ஒட்டு மா காய்க்க நாலு வருஷம். நாலு வருஷம் அந்த நிலத்தில் இருப்போமா என்று தெரியாதவன் எப்படிக் குழி எடுப்பான்? சொந்த நிலம் என்றாலும் தாத்தா பேரில் கிடக்கும், பாகம் பிரியாமல்.

எங்களுடையது வேப்பனப்பள்ளிப் பக்கம். அப்பா வரப்போரம் ஆறு ஒட்டுக்கன்று வைத்தார். இரண்டு கோடையும் அம்மா குடம் சுமந்தாள். அடியில் துளை போட்டுத் திரி செருகிய பானையைக் கன்றோரம் புதைத்து, அதில் ஊற்றுவாள். ஆடு கடிக்காமல் கருவேல முள். மூன்றாம் வருஷம் பூ வந்தது. பாகம் பேச்சும் வந்தது. மரம் யாருக்கு, நிழல் விழும் கேழ்வரகு யாருக்கு என்று சித்தப்பா கேட்டார். பேச்சு வளர்ந்து, இரு வீட்டுக்கும் தண்ணீர் புழங்குவதுகூட நின்றது. ஒருநாள் விடியற்காலை அப்பாவே அரிவாளோடு போய் ஆறையும் ஒட்டுக்குக் கீழே வெட்டினார். அம்மா அன்று சோறாக்கவில்லை.

அதில் ஒன்று, ஒட்டுக்கு அடியிலிருந்த நாட்டுக் கட்டையிலிருந்து துளிர்த்து, நாட்டு மாவாக இன்றும் நிற்கிறது. பல் கூசும் புளிப்பு. சித்தப்பா பாகத்தில்தான் இருக்கிறது. வருஷாவருஷம் ஊறுகாய்க்கு ஒரு கூடை அம்மாவுக்கு அனுப்பிவிடுவார்.

உங்கள் தாளில் பட்டாவை முதல் கேள்வியாக வையுங்கள். அதை வீட்டுப் பெண்களிடமும் தனியாகக் கேளுங்கள்.