கச்சான் காற்றும் கண் கடியும்

கேள்வி: கச்சான் காற்று தொடங்கினால் என் ஏழு வயது மகன் இரண்டு கண்ணையும் கசக்கிக்கொண்டே இருக்கிறான், சிவந்து நூல் போலப் பீளை வருகிறது. போன வருடம் தந்த, அன்டிபயாட்டிக்கும் ஸ்டீரொய்டும் கலந்த துளி மருந்து மிச்சம் இருக்கிறது. அதை விடலாமா டொக்டர்?
- ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: வேண்டாம் அம்மா, அந்தப் போத்தலை எறிந்துவிடுங்கள். பழைய மருந்தில் கிருமி சேரும் என்பது ஒரு புறம், எனக்குப் பெரிய பயம் அந்த ஸ்டீரொய்டுதான். விட்டவுடன் சிவப்பு அடங்கிவிடும், ஆனால் டொக்டர் பார்க்காமல் திரும்பத் திரும்ப விட்டால் பிள்ளைக்குத் தெரியாமலே கண் அழுத்தம் ஏறலாம், வில்லையில் புரை விழலாம். இரண்டு கண்ணும் கடித்து நூல் பீளை வருவது பெரும்பாலும் ஒவ்வாமை, அதற்கு அன்டிபயாட்டிக் உதவாது. ஓலோபடடின், கீட்டோடிஃபென் போன்ற துளிகள் ஒரே மருந்தில் இரண்டு வேலை பார்க்கும்: கடியை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுத்துக் கடியைக் குறைக்கும், அதைச் சேர்த்துவைத்திருக்கும் மாஸ்ட் கலங்கள் அதை வெளிவிடாமலும் பிடித்துவைக்கும். டொக்டரிடம் காட்டி, வயதுக்கேற்ற அளவைக் கேட்டு விடுங்கள். வேறு துளியும் தந்தால் இடையில் 5 நிமிடம் விடுங்கள். கடிக்கும்போது குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள், கசக்க விடாதீர்கள், வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழி கூம்பிப் போகலாம். வெளிச்சம் கூசினாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.