கிளிநொச்சியில் பாசித் தோட்டம் கருகுகிறது

கிளிநொச்சியில் போட்ட ஜப்பானியப் பாணிப் பாசித் தோட்டம் கருகுகிறது என்கிறீர்கள். பாசியைக் கைவிட்டுவிடுங்கள். தினம் இரண்டு தரம் தண்ணீர் தெளித்தாலும் அந்த வெயிலில் அது ஆடி தாண்டாது. கச்சான் காற்று ஒரு காரணம். எனக்குச் சந்தேகம் கிணற்றுத் தண்ணீரில்தான். கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படை பிடித்திருந்தால், அதே சுண்ணாம்புதான் பாசியிலும் படிகிறது.

பேசாமல் கல்லும் சரளையும் கொண்ட உலர்தோட்டம் போடுங்கள். ஜப்பானில் கியோட்டோவின் ரியோஆன்ஜி கோயில் தோட்டத்தில் 15 கற்களும் வெள்ளைச் சரளையும்தான். பாசி கற்களைச் சுற்றி மட்டும். கல்லை மூன்றில் ஒரு பங்காவது புதையுங்கள், இல்லாவிட்டால் லொறியிலிருந்து இறக்கிவைத்தது போலத் தெரியும்.

சரளைக்குப் பதில் மணல் வேண்டாம், அதில் வாரியால் இழுத்த கோடெல்லாம் முதல் மாரி மழைக்கே அழிந்துவிடும். பொடிச் சல்லி நிற்கும். ஆனால் அது வெயிலில் கொதிக்கும். படுக்கையறை யன்னலுக்குக் கீழே மட்டும் பரப்பாதீர்கள்.