நீந்திக்கொண்டே இருக்கும் மீன்களை டைவர்கள் எப்படி எண்ணுகிறார்கள்? கடலே இல்லாத ஊர்க்காரர் இந்த வேலைக்குப் போகலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போகலாம். எனக்குக் குடியாத்தம் பக்கம். கவுண்டின்யா ஆற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர். நான் நீச்சல் பழகியது மாமாவின் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு. பிறகு ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளாகச் சேர்ந்து, மன்னார் வளைகுடாவில் மூன்று சீசன் மீன் எண்ணினேன்.

ஆயாவிடம் இதைச் சொன்னபோது, "ஏரில புடிச்சா கொழம்புக்காவது ஆவும். எண்ணிட்டு அங்கியே வுட்டுட்டு வர்றதுக்கு இன்னாத்துக்குடா அவ்ளோ தூரம் போற?" என்று கேட்டது. நியாயமான கேள்விதான். பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

முறை எளிது. பவளப்பாறை மேல் 50 மீட்டர் டேப்பை விரிக்க வேண்டும். டேப்பின் இரு பக்கமும் இரண்டரை இரண்டரை மீட்டர். ஆக 250 சதுர மீட்டர் பாதை. அதற்குள் இருக்கும் மீன் மட்டும்தான் கணக்கு. டேப்பை விரித்ததும் சில நிமிடம் ஒதுங்கிக் காத்திருப்போம், நம்மைக் கண்டு ஓடியவை திரும்பி வரட்டும் என்று. அப்புறம் ஒரே வேகத்தில் நீந்தியபடி களவா, செப்பிலி, விளமீன், கிளிஞ்சான் போன்ற பெரியவற்றைப் பலகையில் பென்சிலால் எழுதுவோம். திரும்பி வரும்போது பாதையைக் குறுக்கிக்கொண்டு, பாறையை விட்டு நகராத குட்டி மீன்கள். 1954-ல் ஹவாயில் பிராக் என்ற ஆய்வாளர் இதை ஒரு முறையாக எழுதி வைத்தார். அடிப்படை இன்றும் அதேதான்.

முக்கியமான விதி ஒன்று உண்டு: பின்னாலிருந்து நம்மைத் தாண்டிப் போகும் மீனை எண்ணக் கூடாது. என் முதல் வாரத்தில் ஒரு ஓரா மீன் கூட்டம் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. நானும் வர வர எழுதினேன். மேலே ஏறியதும் கூட வந்த அக்கா என் பலகையைப் பார்த்து, "தம்பி, இந்த வளைகுடாவுல இருக்கிற மொத்த ஓராவும் உங்க டேப்புக்குத்தான் வந்திருக்கு போல" என்றார். கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணவும் முடியாது. பத்து மீன் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் பிடித்து, கூட்டத்தில் அப்படி எத்தனை பத்து என்று பார்க்க வேண்டும். வெற்றிலையைக் கவுளியாக எண்ணுகிற மாதிரி.

ஆனால் உண்மையான கஷ்டம் எண்ணிக்கையில் இல்லை, மீனின் நீளத்தைக் கண்ணால் கணித்து எழுதுவதில் இருக்கிறது. தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்த்தால் எல்லாம் கால்பங்கு கிட்டத்தில், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். எடையோ நீளத்தின் ஏறக்குறைய மும்மடிக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏறும். 20 செ.மீ. மீனை 26 என்று எழுதிவிட்டால், கணக்கில் அதன் எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 'இந்தப் பாறையில் இத்தனை கிலோ மீன்' என்ற முடிவே பொய்யாகிவிடும்.

இதைச் சரிசெய்யத்தான் எனக்குக் கிணறு உதவியது. லீவில் ஊருக்கு வந்தபோது பிளம்பிங் பைப்பை 5 முதல் 60 செ.மீ. வரை துண்டு துண்டாக வெட்டி, கல் கட்டிக் கயிற்றில் இறக்கினேன். மாமா பையன் மேல்படியில் உட்கார்ந்து, எந்தத் துண்டை இறக்குகிறான் என்று சொல்லாமல் மாற்றி மாற்றி விடுவான். நான் மாஸ்க்கோடு மூச்சடக்கி இறங்கிப் பார்த்து அளவைச் சொல்வேன். முதல் நாள் பாதிக்கு மேல் தப்பு, எல்லாமே அதிகமாகத்தான். பத்து நாளில் ஓரளவு கண் படிந்தது. தூண்டில்காரர் பேச்சை நான் நம்பாமல் போனதும் அப்போதிருந்துதான்.

எவ்வளவு பழகினாலும் பாறை இடுக்கில் பதுங்குவதும், இரவில் மட்டும் வெளியே வருவதும் தப்பிவிடும். மூச்சுக்குமிழி சத்தத்துக்குச் சில மீன் ஓடும், சில வேடிக்கை பார்க்க வரும். கச்சான் காற்றுக் காலத்தில் தண்ணீர் கலங்கி, நீட்டிய கையே தெரியாத நாட்களில் படகைத் திருப்பிவிடுவோம். ஆகவே இது கடலில் உள்ள மொத்த மீனின் கணக்கு அல்ல. ஒரே இடத்தில், ஒரே முறையில், வருடா வருடம் ஒரே மாதிரி தவறோடு எடுக்கப்படும் கணக்கு. தவறு மாறாமல் இருந்தால்தான் மீன் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட முடியும்.

ஆயாவுக்கான பதிலும் இதுதான். 2010-லும் 2016-லும் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தன. பவளம் செத்தால் அதைக் கொறித்து வாழும் வண்ணாத்தி மீன்கள் குறையும். செத்த பாறையில் பாசி படரும். அந்தப் பாசியை மேய்வது கிளிஞ்சானும் ஓராவும். அவற்றையும் பிடித்துத் தீர்த்துவிட்டால் புதுப் பவளம் ஒட்ட இடமே இருக்காது. எது எவ்வளவு மிச்சம் என்று முன்கூட்டியே எண்ணி வைத்திருந்தால்தான் இது தெரியும்.

நீங்கள் வர நினைத்தால்: முறையான ஸ்கூபா சான்றிதழ் வாங்குங்கள். ஆரம்பநிலைச் சான்றிதழுக்கு 18 மீட்டர் ஆழம் வரை அனுமதி, நம் பக்கத்துப் பாறைகளுக்கு அது தாராளம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது, ஆய்வுக் குழுவோடுதான் போக வேண்டும். மீன் பெயர்களைப் புத்தகத்தில் படிப்பதோடு நிறுத்தாமல், காலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கும் போய்ப் பழகுங்கள். அப்புறம், சளி பிடித்த அன்று இறங்கவே இறங்காதீர்கள். காது அடைத்துக்கொண்டு நான் பட்ட பாடு தனிக்கதை.