வயிற்று நீரில் கிருமி எப்படி வந்தது?

கேள்வி: அண்ணனுக்கு லிவர் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறும் நோய். வயிற்றில் கோத்த நீரை ஊசியால் எடுத்துப் பார்த்துவிட்டு, கிருமித் தொற்று என்றார்கள். காய்ச்சலே இல்லை, லேசான வயிற்று வலியும் பேச்சில் குழப்பமும்தான். வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். கிருமி எப்படி வந்தது? லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தைக் குடித்தால் அடிக்கடி மலம் போகிறது, நிறுத்திவிடு என்கிறார் அண்ணன். நிறுத்தலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கவனிப்பில் குறையே இல்லை. இந்தக் கிருமி பெரும்பாலும் அவருடைய குடலிலிருந்தே வருவது.

கல்லீரலுக்குச் செல்லும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. அதில் தப்பி வரும் பாக்டீரியாக்களைக் கல்லீரலில் தங்கியிருக்கும் குப்ஃபர் செல்கள் விழுங்கிவிடும். உடலின் திசுக்களில் உள்ள விழுங்கு செல்களில் பெரும்பகுதி இவைதான். கல்லீரல் தழும்பேறிவிட்டால் நிலைமை மாறுகிறது. சிரையில் அழுத்தம் கூடி, குடல் சுவர் வீங்கிக் கசியத் தொடங்கும். பித்தநீர் வரத்து குறைவதால் சிறுகுடலில் பாக்டீரியா பெருகும். ரத்தமோ புதிய கிளை வழிகளில் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால் பல கிருமிகள் குப்ஃபர் செல்களிடம் சிக்குவதில்லை. ஓயாத தூண்டுதலால் நியூட்ரோஃபில்கள் எனும் வெள்ளை அணுக்களும் களைத்து, கிருமியைக் கொல்லும் வலுவை இழக்கின்றன. கிருமி எதிர்ப்புப் புரதங்கள் குறைந்த வயிற்று நீரில் பாக்டீரியா எளிதாக வளரும்.

தளர்ந்த உடலில் காய்ச்சல் வராமலும் போகலாம். அதனால்தான் நீரை எடுத்துப் பார்ப்பதை நான் தள்ளிப்போட விடுவதில்லை. ஒரு கன மில்லிமீட்டரில் நியூட்ரோஃபில் 250-ஐத் தொட்டாலே, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுவோம். சிறுநீரகத்தைக் காக்க அல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் ஏற்றுவதுண்டு.

லாக்டுலோஸை நிறுத்த வேண்டாம். குடலில் உண்டாகும் அமோனியா மூளையைக் குழப்பாமல் காப்பது அதுதான். தினம் இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போனால் அளவு சரி. தண்ணீராகப் போனால் மருத்துவரிடம் கேட்டு அளவைக் குறையுங்கள். உடலில் நீர் வற்றினாலும் குழப்பம் வரும். குழப்பத்துக்குப் பயந்து புரத உணவை வெட்டிவிடாதீர்கள், ஏற்கெனவே தசை கரையும் நோய் இது.

ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கூடவே கூடாது. அடுத்த முறை மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: தொற்று திரும்பாமலிருக்கத் தொடர் ஆன்டிபயாட்டிக் தேவையா? அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவரானால், அது அவசியம்தானா? ஏனென்றால் அந்த மாத்திரை இந்தத் தொற்றுக்கான வாய்ப்பைக் கூட்டக்கூடும்.