பிணைப்பின் முனைவுத்தன்மை, அதாவது எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது, கூடினால் அமிலத்தன்மையும் கூடுமா? அப்படியானால் எத்தில் ஆல்கஹால் ஏன் அமிலமாக நடப்பதில்லை?

நீங்கள் முதலாண்டு மாணவர், தேர்வு நெருங்குகிறது என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கேள்விக்கு ஒரு வகுப்பின் முன்னால் எழுந்து நின்று பதில் சொன்னவள் நான்.

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. மதுரையில் கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் மாதம் ஆசிரியர் கேட்டார்: எத்தில் ஆல்கஹால், பீனால், அசிட்டிக் அமிலம் மூன்றிலும் ஓ–எச் பிணைப்புதானே இருக்கிறது, பிறகு ஏன் இவ்வளவு வேறுபாடு? "பிணைப்பின் முனைவுத்தன்மை சார்" என்றேன். "இது தமிழ் வகுப்பு இல்லை, உட்காரம்மா" என்றார். வகுப்பே சிரித்தது. என் பதில் பாதிதான் சரி. அதை அவர் சொல்லவே இல்லை. மொழியைத் திருத்தினார், வேதியியலை அப்படியே விட்டுவிட்டார். பல ஆண்டுகள் ஆகியும் எனக்கு இது ஆறவில்லை.

விளங்க வைத்தது ஆய்வகம். சோடியம் பைகார்பனேட் கரைசலில் அசிட்டிக் அமிலம் விழுந்ததும் நுரைத்துப் பொங்கியது. பீனாலுக்கு ஒரு குமிழிகூட இல்லை. ஆய்வக உதவியாளர் அண்ணன், "ஹைட்ரஜன் போவதையே பார்க்காதே, போன பிறகு மிச்சமிருப்பதைப் பார்" என்றார்.

மிச்சமிருப்பது இணை காரம். எத்தில் ஆல்கஹாலில் புரோட்டான் போனால் எதிர் மின்சுமை முழுவதும் ஒரே ஆக்சிஜன் தலையில். அசிட்டிக் அமிலத்தில் மிச்சமாகும் அசிட்டேட்டில் இரண்டு ஆக்சிஜன்கள் அதைச் சரிபாதியாகத் தாங்குகின்றன. இந்தப் பகிர்வுக்குப் பெயர் உடனிசைவு. அப்பா மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மூட்டை தூக்கியவர். ஒற்றை ஆளாகத் தூக்குவதற்கும் ஆளுக்கொரு முனை பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். மின்சுமை என்ற சொல்லுக்குள்ளேயே சுமை இருக்கிறது! நான் வகுப்பில் சொல்லக்கூடாத மொழிதான் எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது.

அமில வலிமையை அளக்கும் பிகேஏ மதிப்புகள்: எத்தில் ஆல்கஹால் ஏறத்தாழ 16, பீனால் 10, அசிட்டிக் அமிலம் 4.76. ஓர் எண் குறைந்தால் வலிமை பத்து மடங்கு. ஆகவே முதலாவதைவிடக் கடைசி பத்தாயிரம் கோடி மடங்குக்கும் மேல் வலியது. கார்பானிக் அமிலம் 6.35; அது சிதைந்து வரும் கார்பன் டைஆக்சைடுதான் குமிழி. அதைவிட வலிமை குறைந்த பீனாலால் பைகார்பனேட்டிலிருந்து அதை வெளியேற்ற முடியாது, அதனால்தான் குமிழி இல்லை.

முனைவுத்தன்மைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஈத்தேனின் சி–எச் பிணைப்புக்கு அந்த மதிப்பு 50 அளவில், எத்தில் ஆல்கஹாலின் ஓ–எச் பிணைப்புக்கு 16. ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மைதான் முக்கியக் காரணம். அசிட்டிக் அமிலத்திலும் உடனிசைவு மட்டுமே எல்லாம் என்று சொல்லமாட்டேன், பக்கத்துக் கார்பனைல் தொகுதியின் ஈர்ப்பும் சேர்கிறது. குளோரின் ஒன்று ஏறினாலே மதிப்பு 2.86க்கு இறங்குவது, அது பிணைப்புகள் வழியே எலக்ட்ரான்களை இழுக்கும் தூண்டல் விளைவால்தான்.

ஆனால் முனைவுத்தன்மையை மட்டும் பிடித்துக்கொண்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடில் மாட்டிக்கொள்வீர்கள். எச்–ஐ பிணைப்பைவிட எச்–எஃப் மிகுந்த முனைவுடையது. இருந்தும் நீரில் எச்–ஐ வலிமைமிகு அமிலம், எச்–எஃப் வலிமை குறைந்தது. எச்–எஃப் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் தேவை. தவிர, பெரிய அயோடைடு அயனியில் மின்சுமை பரவி நிற்கிறது.

விடைத்தாளில் முதலில் இணை காரத்தை வரையுங்கள், மின்சுமை எங்கெங்கே நிற்கிறது என்று குறியுங்கள். தமிழ்வழியில் படித்தவரென்றால் தமிழிலேயே யோசியுங்கள், எழுதும்போது அவர்கள் கேட்கும் மொழியில் எழுதிக்கொள்ளலாம்.